கெட்டிமேளத்துக்கு அடியில் ஒரு பாட்டியின் குரல்: ஃபேடர் ஆட்டோமேஷன் அழிந்துபோனது, சி டிரைவும் நிரம்பிவிட்டது

சாரக்காத்து

வணக்கம். செங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடுப்பவன், எடிட்டிங்கும் நானேதான். இரண்டு ராத்திரி வேலை ஒரு பிளேயிலும் ஒரு வெட்டிலுமாகப் போய்விட்டது, வீட்டில் சொன்னால் "சரி தூங்கு" என்கிறார்கள், அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன்.

மாப்பிள்ளை வீடு இலஞ்சி, பெண் வீடு புனலூர். கல்யாணம் இங்கே மண்டபத்தில். பெண் வீட்டார் வண்டியில் இருந்து இறங்கும்போது சிங்காரி மேளம் (கேரளச் செண்டை மேளம்), உள்ளே மணவறையில் நாதஸ்வரம், தவில். இரண்டு கேமரா, மணவறைத் தூணில் கட்டிய ஒரு ரெக்கார்டர், மாப்பிள்ளை சட்டையில் ஒரு காலர் மைக். தாலி கட்டி முடிந்த கையோடு பெண்ணின் பாட்டி வந்து அட்சதை போட்டு இரண்டு பேர் தலையிலும் கை வைத்து ஏதோ சொல்கிறார். மேலே கெட்டிமேளம் முழங்குகிறது. பெண்ணின் அப்பா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மூம்மையுடெ சப்தம் கேள்க்கணம்." பாட்டியின் குரல் கேட்க வேண்டும். ஆல்பம் பற்றிக்கூட அவர் பேசவில்லை.

பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் செய்கிறேன். டைம்லைன் 2 மணி 10 நிமிடம். யாரோ சொன்னார்கள் என்று ஆடியோ ட்ராக் மிக்சரைத் திறந்து, ட்ராக்கை ரைட் மோடில் (ஃபேடர் ஆட்டத்தைப் பதிந்துகொள்ளும் ஆட்டோமேஷன் முறை) போட்டு, பாட்டு ஓட ஓட ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை, மௌஸால் ஏற்றி இறக்கி 40 நிமிடத்துக்கு அழகாகச் செய்து வைத்தேன். சரி, ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று முதலில் இருந்து பிளே போட்டேன். ஃபேடர் ஆடாமல் அசையாமல் நேராக நிற்கிறது. செய்தது எல்லாம் போயே போய்விட்டது.

மறுநாள் ராத்திரி மறுபடி செய்தேன், இந்தத் தடவை கேட்டுப் பார்க்கவே பயந்து மோடை மாற்றி வைத்தேன். தப்பித்தேன் என்று நினைத்தால், மாலை மாற்றும் இடத்துக்கு முன்னால் நம்ம லைட் பையன் குறுக்கே நடக்கும் 12 வினாடியை வெட்டச் சொன்னார்கள். ரிப்பிளில் வெட்டினேன், அதாவது பின்னால் இருப்பது முன்னால் நகர்ந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். அதற்கு அப்புறம் எல்லாமே 12 வினாடி தள்ளி நிற்கிறது. மேளம் காதைக் கிழித்து முடித்து, சாவகாசமாக 12 வினாடி கழித்து ஃபேடர் இறங்குகிறது.

போதாக்குறைக்கு வால்யூம் கோட்டில் எறும்பு வரிசை மாதிரி கீஃப்ரேம் (எந்த நொடியில் எவ்வளவு சத்தம் என்று குறிக்கும் புள்ளி), டைம்லைன் நகர்த்தினாலே திக்குகிறது. சி டிரைவும் சிவப்பு. 256 ஜிபி எஸ்எஸ்டியில் 3 ஜிபிதான் மிச்சம், நான் அதில் எதையும் போடவே இல்லை.

இது எல்லாம் ஒரே வியாதியா, நாலு வியாதியா?

அண்ணாச்சி_மிக்சிங்

நாலு வியாதி தம்பி. ஆனால் எல்லாமே செட்டிங்கில் தீரும், புது லேப்டாப் வாங்க ஓடாதே.

முதல் வியாதி. ரைட் மோடு என்பது ஈரச் சுவரில் கை வைப்பது மாதிரி. பிளே ஓடுகிற வரைக்கும் ஃபேடர் எங்கே இருக்கிறதோ அதை எழுதிக்கொண்டே இருக்கும், நீ தொட்டாலும் தொடாவிட்டாலும். முதல் தடவை நீ ஆட்டினாய், ஆட்டியதை எழுதியது. இரண்டாவது தடவை கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய், சும்மா நின்றதையும் எழுதிவிட்டது. அதன் மேல் குற்றமே இல்லை. மிக்சர் பேனலின் மெனுவில் "ஸ்விட்ச் டு டச் ஆஃப்டர் ரைட்" என்று ஒன்று இருக்கிறது, அதை டிக் போட்டு வைத்தால் பிளே நின்றதும் ரைட்டில் இருந்து டச்சுக்குத் தானே மாறிவிடும். இந்த ஒரு டிக் இல்லாமல் ரைட்டைத் தொடாதே. நான் 2 வருடமாக ரைட் பக்கமே போகவில்லை, அது வேறு விஷயம்.

ஐந்து மோடு இருக்கிறது. ஆஃப் என்றால் எழுதி வைத்த எதையும் கண்டுகொள்ளாது. ரீட் என்றால் எழுதியதைப் படித்து அதன்படி ஓட்டும், புதிதாக எதையும் எழுதாது. கேட்டுப் பார்க்க ரீட்தான். லாட்ச்சும் டச்சும் நீ ஃபேடரைத் தொடும் வரை பேசாமல் இருக்கும், தொட்ட நொடியில் இருந்து எழுதும். வித்தியாசம் கையை விடும்போது. லாட்ச்சில் விட்ட இடத்திலேயே ஃபேடர் நிற்கும், பிளேயை நிறுத்தும் வரை அந்த அளவையே எழுதிக்கொண்டு போகும். டச்சில் கையை விட்டால் ஃபேடர் பழைய இடத்துக்கே திரும்பி வரும்.

கெட்டிமேளத்துக்கு டச். மேளம் ஏறும்போது பிடித்து இழு, முடிந்ததும் விட்டுவிடு, அதுவே வீட்டுக்குப் போய்ச் சேரும். எவ்வளவு வேகத்தில் திரும்ப வேண்டும் என்பது பிரிஃபரன்சஸில் ஆடியோ பக்கத்தில் "ஆட்டோமேட்ச் டைம்" என்று இருக்கிறது, வினாடிக் கணக்கில். ரொம்பக் குறைத்து வைத்தால் மேளம் நின்ற இடத்தில் சத்தம் துள்ளும், கதவைத் திறந்த மாதிரி கேட்கும். நான் 2 வினாடி வைத்திருக்கிறேன்.

எறும்பு வரிசைக்கும் மருந்து அதே பக்கத்தில்தான். "ஆட்டோமேஷன் கீஃப்ரேம் ஆப்டிமைசேஷன்" என்ற தலைப்பின் கீழ் இரண்டு டிக். லீனியர் கீஃப்ரேம் தின்னிங், இது ஒரு நேர்கோட்டில் இரண்டு முனை போதும் என்றால் நடுவில் இருப்பதை வைக்காது. மினிமம் டைம் இன்டர்வல் தின்னிங், இது எத்தனை மில்லிவினாடிக்கு ஒரு கீஃப்ரேம் வரலாம் என்று வேலி போடுவது. 1 முதல் 2000 வரை கொடுக்கலாம். மௌஸில் ஃபேடர் ஆட்டுகிறவனுக்குக் கை நடுக்கம் எல்லாம் கீஃப்ரேமாக விழும், அதனால் 100, 150 என்று வைத்துப் பார். இரண்டையும் போட்டு வை. ஆனால் இது இனிமேல் எழுதுவதற்குத்தான், ஏற்கெனவே விழுந்த எறும்புகளை அது பொறுக்காது.

12 வினாடி விஷயத்துக்கு ராத்திரி வருகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.

சாரக்காத்து

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ஈரச் சுவர் என்று சொன்னதும் புரிந்துவிட்டது. ஒரு சந்தேகம். வால்யூம் மட்டும் எழுத வேண்டும், பேன் (சத்தம் இடது, வலது எந்தப் பக்கம் என்பது) எழுதக் கூடாது என்றால்? முதல் தடவை மௌஸ் தவறிப் பேன் குமிழைத் தொட்டு, நாதஸ்வரம் இடது காதில் இருந்து வலது காதுக்கு நடந்து போனது.

அண்ணாச்சி_மிக்சிங்

சிரித்துவிட்டேன். அந்தப் பேன் குமிழ் மேல் வலது கிளிக் கொடு, "சேஃப் டியூரிங் ரைட்" என்று வரும். அதைப் போட்டால் எழுதும் நேரத்தில் அதற்குப் பூட்டு.

கொழிஞ்சாம்பாறை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும் அண்ணா. நான் பாலக்காடு பக்கம், இங்கே எல்லைக்கு இரண்டு பக்கமும் கல்யாணம் எடுப்போம். என் கருத்து, கல்யாண வேலைக்கு ட்ராக் ஆட்டோமேஷனே வேண்டாம்.

காரணம் அந்த 12 வினாடிதான். ட்ராக் கீஃப்ரேம் என்பது ட்ராக்குக்குச் சொந்தம், அதாவது நேரத்துக்குச் சொந்தம். கிளிப்புக்குச் சொந்தம் இல்லை. கிளிப்பை வெட்டி நகர்த்தினால் கீஃப்ரேம் இருந்த இடத்திலேயே இருக்கும், வீடு மாறின பிறகும் பழைய வாசலில் கோலம் போடுகிற மாதிரி. சினிமாக்காரர்கள் படத்தைப் பூட்டிவிட்டு மிக்சிங்குக்கு அனுப்புவார்கள், அவர்களுக்கு அது சரி. நம்ம பார்ட்டி எந்தக் காலத்தில் பூட்டினார்கள்? பென்டிரைவ் கையில் கொடுத்த பிறகும் "சித்தப்பா வரவே இல்லையே" என்று போன் வரும்.

நான் செய்வது இதுதான். கிளிப்பைத் தேர்ந்தெடுத்து ஜி அடித்தால் ஆடியோ கெயின் பெட்டி வரும், அதில் முதலில் கிளிப்புகளை ஓர் அளவுக்குக் கொண்டு வந்துவிடுவேன். அப்புறம் சதுர அடைப்புக்குறி விசைகள், ஒரு தட்டு 1 டெசிபல், ஷிஃப்ட் சேர்த்தால் பிரிஃபரன்சஸில் "லார்ஜ் வால்யூம் அட்ஜஸ்ட்மென்ட்" என்று கொடுத்திருக்கும் அளவு, அது 6 டெசிபலாக வரும், நான் 3 ஆக மாற்றி வைத்திருக்கிறேன். கெட்டிமேளம் மாதிரி இடத்தில் பென் டூலை எடுத்து கிளிப் கோட்டில் நாலு புள்ளி. முடிந்தது. வெட்டினாலும் ஒட்டினாலும் புள்ளி கிளிப்போடு வரும்.

அண்ணாச்சி_மிக்சிங்

நாலு புள்ளியில் கெட்டிமேளம் அடங்கும் என்றால் நீங்கள் கேட்டது எந்த ஊர் மேளம் என்று தெரியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் தவில்காரர் ஒரே மாதிரி வாசிப்பாரா? ஏறும், ஒரு மூச்சு விடும், மறுபடி ஏறும், நாதஸ்வரம் உச்சிக்குப் போகும், இறங்கும்போதும் ஒரேயடியாக இறங்காது. அதைக் காதால் கேட்டுக் கையால் பிடித்தால்தான் இயல்பாக இருக்கும். புள்ளி வைத்துச் செய்தது எல்லாம் எனக்குப் படி ஏறி இறங்கின மாதிரி கேட்கும்.

ஆனால் நீங்கள் சொன்ன ஒன்று நியாயம். பூட்டாத படத்தில் ட்ராக் ஆட்டோமேஷன் எழுதக் கூடாது. தம்பி செய்த தப்பு அங்கேதான், நானும் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எழுதியதைக் காப்பாற்ற வழி உண்டு தம்பி: ட்ராக் தலைப்பில் இருக்கும் கீஃப்ரேம் பொத்தானில் ட்ராக் கீஃப்ரேம்ஸ், வால்யூம் என்று மாற்று. வெட்டின இடத்துக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகள் எல்லாவற்றையும் பென் டூலால் வளைத்துப் பிடித்து 12 வினாடி இடப்பக்கம் தள்ளு. மேலே கீழே நகராமல் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் மொத்தமும் ஏறியோ இறங்கியோ போகும்.

பெயரில்_என்ன

இரண்டு பேரும் சொல்வது கிடைக்க ஒரு வழி இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை?

ஆடியோ ட்ராக் மிக்சர் வேறு, ஆடியோ கிளிப் மிக்சர் வேறு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால் பலர் இரண்டாவதைத் திறந்தே பார்ப்பதில்லை. கிளிப் மிக்சரில் ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஒரு "ரைட் கீஃப்ரேம்ஸ்" பொத்தான் உண்டு, வைரம் மாதிரி சின்னம். அதை அழுத்திவிட்டு பிளே போட்டு ஃபேடரை ஆட்டினால் அந்தக் கீஃப்ரேம் எல்லாம் கிளிப்பின் மேல் விழும். கையாலும் ஓட்டலாம், வெட்டினாலும் கூடவே வரும். பேனல் மெனுவில் லாட்ச், டச் இரண்டும் இருக்கிறது.

சின்ன இடைஞ்சல் ஒன்று: 3 வினாடிக்கு ஒரு வெட்டு என்று துண்டு துண்டாக இருக்கும் கேமரா ஆடியோவில் இது வேலைக்கு ஆகாது, ஒவ்வொரு கிளிப்பும் புதிதாகத் தொடங்கும். ஆனால் இவர் ரெக்கார்டர் ஃபைல் மண்டபத்தில் தொடங்கி சாப்பாடு வரை ஒரே நீளமாகத்தானே கிடக்கும், அதற்கு இதைவிடச் சுகம் வேறு இல்லை.

கொழிஞ்சாம்பாறை

இது எனக்கே தெரியாது. 6 வருடமாகப் பென் டூலால் குத்திக்கொண்டிருக்கிறேன்.

பதிமூணுகண்

சி டிரைவ் பக்கம் யாருமே போகவில்லை, அதனால் நான். கழுதுருட்டிக்காரன், அந்தப் பதிமூணு கண் பாலம் எங்க வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரியும், பெயருக்கு அர்த்தம் கேட்பவர்களுக்காக.

உங்க சி டிரைவைத் தின்றது மீடியா கேச். நீங்க கேமராவில் இருந்து கொண்டு வருகிற எம்பி4 ஃபைலில் ஆடியோ சுருக்கி வைத்திருக்கும், ஏஏசி. எடிட் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் சுருக்கத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தால் முடியாது என்று, உள்ளே கொண்டுவந்த உடனே அவிழ்த்து ஒரு பிரதி எழுதி வைத்துக்கொள்கிறது. .சிஎஃப்ஏ என்று முடியும். அலை வடிவத்தைப் படமாகக் காட்ட .பெக் என்று இன்னொன்று, அது சின்னது. கீழே வலது ஓரத்தில் "கன்ஃபார்மிங்" என்று கோடு ஓடுமே, அது இந்த வேலைதான். ரெக்கார்டரில் இருந்து வரும் 48000 ஹெர்ட்ஸ் வேவ் ஃபைலுக்கு இந்தப் பாடு இல்லை, அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

கணக்கு போட்டுப் பாருங்க. அவிழ்த்த பிரதி 32 பிட் ஃப்ளோட், ஸ்டீரியோ. வினாடிக்கு 48000 மாதிரி, ஒவ்வொன்றும் 4 பைட், இரண்டு சேனல், ஆக 3,84,000 பைட். மணிக்கு ஏறத்தாழ 1.38 ஜிபி. இரண்டு கேமரா, காலை 5 மணி மாப்பிள்ளை அழைப்பில் இருந்து மதியம் வரை, முதல் நாள் நிச்சயதார்த்தம், வரவேற்பு என்று 15 மணி நேரம் ஃபுட்டேஜ் என்றால் ஒரு கல்யாணத்துக்கே 20 ஜிபி. ஆவணி மாதத்தில் நாலு கல்யாணம். நீங்க எதையும் சி டிரைவில் போடவில்லை, சரிதான், ஆனால் கேச் இருக்கும் இடத்தை மாற்றாவிட்டால் அது தானாகவே உங்க யூசர் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பிரிஃபரன்சஸில் "மீடியா கேச்" பக்கம் போங்க. இடத்தை வேறு டிரைவுக்கு மாற்றலாம். மாற்றும்போது அதற்கென்று ஒரு காலி ஃபோல்டர் போடுங்க, ஃபுட்டேஜ் இருக்கிற ஃபோல்டருக்குள் போடவே போடாதீங்க. தானாக அழிக்கச் சொல்லி செட்டிங் அதே பக்கத்தில் இருக்கிறது, கேச்சும் பார்ட்டியின் ஒரே பிரதியும் ஒரே அறையில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

அந்தத் தானாக அழிக்கும் இடத்தில் மூன்று வழி. அழிக்காதே என்பது ஒன்று, இத்தனை நாளைக்கு மேல் பழையதை அழி என்பது ஒன்று, இத்தனை ஜிபிக்கு மேல் போனால் பழையதில் இருந்து அழி என்பது ஒன்று. நான் நாள் கணக்கு வைக்கிறதில்லை. எங்க பக்கம் பார்ட்டி மூணு மாசம் கழித்து "மோளுடெ டான்ஸ் ஒந்நு கூடெ நீட்டணம்" (மகள் டான்ஸை இன்னும் கொஞ்சம் நீட்டணும்) என்று வருவார்கள், அன்று திறந்தால் மறுபடி முதலில் இருந்து கன்ஃபார்ம் ஓடும். அளவு கணக்குதான் எனக்குச் சரி, 80 ஜிபி.

இப்போது இருக்கிற குப்பையை அள்ள, எந்தப் புராஜெக்டும் திறக்காமல் மென்பொருளை மட்டும் திறந்து அதே பக்கத்தில் டெலீட். புராஜெக்ட் திறந்திருந்தால் "எல்லாவற்றையும் அழி" என்பது மங்கி நிற்கும். பயப்பட வேண்டாம், கேச் போனால் ஒன்றும் குடி முழுகாது, திரும்பத் திறக்கும்போது கொஞ்ச நேரம் கன்ஃபார்ம் ஓடும், போய்ச் சாயா குடித்துவிட்டு வரலாம்.

சாரக்காத்து

எனக்குத் தலை சுற்றுகிறது, ஆனால் 3 ஜிபி இப்போது 94 ஜிபி ஆகிவிட்டது! அழித்தது 91. என்னிடம் ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, யுஎஸ்பி, பழையது, சுற்றுகிற வகை. கேச்சை அதில் போடலாமா?

பதிமூணுகண்

போடலாம், ஆனால் அதிலேயே ஃபுட்டேஜும் இருந்தால் ஒரே ஊசி இரண்டு இடத்துக்கும் ஓடி ஓடி நாக்குத் தள்ளும். ஒரு சின்ன எஸ்எஸ்டி தனியாக வாங்கி கேச்சுக்கு மட்டும் வைங்க, 250 ஜிபி போதும். கேச் தொலைந்தால் அழ வேண்டியதில்லை என்பதால் மலிவானதே போதும்.

இன்னொன்று. அதே பக்கத்தில் கேச் ஃபைலை மூல ஃபைலுக்குப் பக்கத்திலேயே வை என்று ஒரு டிக் இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகி வேலை செய்கிறவர்களுக்கு அது நல்லது. நம்மை மாதிரி ஃபுட்டேஜ் டிஸ்க்கையே பார்ட்டிக்குக் கொடுக்கிறவர்கள் அதை எடுத்துவிடணும். ஒரு தடவை கொல்லத்தில் ஒரு பார்ட்டி டிஸ்க்கைத் திறந்து பார்த்துவிட்டு வைரஸ் ஏறியிருக்கிறது என்று சண்டைக்கு வந்தார், நூற்றுக்கணக்கில் .பெக் கிடந்திருக்கிறது.

களியல்மக்கா

குமரி மாவட்டத்தில் இருந்து ஒரு குரல், மக்களே. நான் டாவின்சி ரிசால்வ் என்ற வேறு எடிட்டிங் மென்பொருள், இலவசப் பதிப்பு. அதில் ஃபேர்லைட் என்ற ஆடியோ பக்கத்தில் இதே ஆட்டோமேஷன் இருக்கிறது, டச்சில் லாட்ச், ஸ்னாப் என்று இரண்டு. ஸ்னாப்தான் கையை விட்டால் திரும்புவது. வெட்டினால் கூடவே வர "ஆட்டோமேஷன் ஃபாலோஸ் எடிட்" என்று ஒரு செட்டிங்கும் உண்டு, அந்த 12 வினாடிப் பாவம் அங்கே பட வேண்டாம்.

ஒன்று மட்டும் பழகணும். புராஜெக்ட் தனி ஃபைலாக ஃபோல்டரில் இருக்காது, உள்ளே ஒரு லைப்ரரியில் இருக்கும். ஃபோல்டரைக் காப்பி எடுத்து வைத்தேன், புராஜெக்ட்டும் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, எக்ஸ்போர்ட் போட்டு .டிஆர்பி ஃபைலாகத் தனியே எடுத்து வைக்கணும். நான் அதை நினைக்காமல் விண்டோஸ் மாற்றினேன். இரண்டு ஞானஸ்நானம், ஒரு கிரஹப்பிரவேசம். விடுங்க.

அண்ணாச்சி_மிக்சிங்

பாதி வேலையில் மென்பொருளை மாற்றச் சொல்லாதீங்க மக்கா, இந்தத் தம்பிக்கு முதலில் பாட்டி பேசட்டும்.

தம்பி, இப்போது பாட்டிக்கு வருவோம். எந்த ட்ராக்கில் அவர் குரல் இருக்கிறது? கேமரா ஆடியோவை விட்டுவிடு. கேமராவில் ஆட்டோ லெவல் போட்டிருந்தால் மேளம் வந்ததும் அது தானே அமுக்கிக்கொள்ளும், மேளம் நின்றதும் மெதுவாக மேலே வரும், ஆஸ்துமாக்காரன் மூச்சு வாங்குகிற மாதிரி. அதன் மேல் நீ ஆட்டோமேஷன் எழுதினால் இரண்டு பேர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்த கதை. மாப்பிள்ளை காலர் மைக்கைத் தனியாகப் போட்டுக் கேள். மீட்டர் உச்சியில் சிவப்பு பிடித்து அலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் ஃபேடர் இறக்கினாலும் அது கரகரப்புதான், ஒன்றும் செய்ய முடியாது. வெட்டுப்படாமல் இருந்தால் கதை உண்டு.

சாரக்காத்து

கேட்டேன். காலர் மைக்கில் வெட்டுப்படவில்லை, உச்சி -4 டெசிபல். அட்சதை விழும் சத்தம்கூடக் கேட்கிறது. பாட்டி மாப்பிள்ளைக்கு நெருக்கமாகக் குனிந்துதான் பேசுகிறார். மேளமும் அதிலேயே இருக்கிறது, ஆனால் ரெக்கார்டரில் இருக்கிற அளவுக்கு இல்லை.

அண்ணாச்சி_மிக்சிங்

அப்படியானால் வேலை சுலபம். ரெக்கார்டர் ட்ராக்கை அந்த 8, 10 வினாடிக்கு மட்டும் டச்சில் பிடித்து 10 டெசிபல் போல இறக்கு, அதே நேரம் காலர் மைக்கை ஏற்று. ஒரே மௌஸில் இரண்டு ஃபேடரை ஆட்ட முடியாது, அதனால் இரண்டு தடவை ஓட்டு, முதலில் ஒன்று, ரீவைண்ட், அடுத்தது. இறக்கத்தைப் பாட்டி வாயைத் திறப்பதற்கு ஒரு வினாடி முன்னாலேயே தொடங்கு. பேச ஆரம்பித்த பிறகு இறக்கினால் யாரோ பட்டனைத் தட்டினார்கள் என்று தெரிந்துவிடும். மேளத்தை மொத்தமாக அடைத்துவிடாதே. கெட்டிமேளம் கேட்காத தாலிகட்டைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் உன்னை விடமாட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை

எசென்ஷியல் சவுண்ட் பேனலில் டக்கிங் (பேச்சு வரும்போது பாட்டைத் தானாக இறக்குவது) போட்டால் தானாகவே கீஃப்ரேம் வருமே? மேளத்துக்கு மியூசிக், காலர் மைக்குக்கு டயலாக் என்று கொடுத்தால்?

பெயரில்_என்ன

ஸ்டுடியோவில் பதிந்த குரலுக்கு அது அருமை. இங்கே டயலாக் ட்ராக்கிலேயே மேளம் ஏறியிருக்கிறதே, அது மேளத்தையும் பேச்சு என்று நினைத்துக் கண்ட இடத்தில் எல்லாம் இறக்கும். பின்னணிப் பாட்டின் மேல் வாழ்த்துச் செய்தி வரும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாரக்காத்து

நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். சாரல் தொடங்கிவிட்டதால் இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது, லேப்டாப் பேட்டரி அரை மணிதான் தாங்கும். நடுவில் ஒரு தடவை மொத்தமாக அணைந்தது. வயிறு கலங்கிப் போய்த் திறந்தால் ஆட்டோ சேவ் ஃபோல்டரில் 5 நிமிடத்துக்கு முந்தின பதிப்பு இருந்தது.

பதிமூணுகண்

ஆட்டோ சேவ் இடைவெளியும் எத்தனை பதிப்பு வைக்கணும் என்பதும் பிரிஃபரன்சஸில்தான். 5 நிமிடம், 40 பதிப்பு போடுங்க. எண்ணிக்கையைக் குறைவாக வைத்தால் 5 நிமிடத்துக்கு ஒன்று எழுதி எழுதி, நேற்றைய நல்ல பதிப்பை இன்றைய கெட்ட பதிப்பு தள்ளிவிடும். அந்த ரைட் மோடு அழித்த முதல் ராத்திரிகூட இருந்திருக்கும் பாருங்க, தேடினீங்களா?

சாரக்காத்து

இல்லை! அப்போது எனக்கு அந்த ஃபோல்டரே தெரியாது. இப்போது பார்த்தால் புராஜெக்ட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அந்த ராத்திரி 1.10க்கு எழுதிய பதிப்பும் இருக்கிறது. நான் அழுதுகொண்டு படுத்தது 1.30.

சரி, போகட்டும். கிளிப் மிக்சரில் டச் போட்டு மறுபடி ஓட்டினேன், தின்னிங் இரண்டும் போட்டேன். அப்புறம் சோதிக்க வேண்டுமென்றே வேறு ஓர் இடத்தில் 4 வினாடி வெட்டிப் பார்த்தேன், எல்லாம் கூடவே வந்தது. பாட்டி இப்போது தெளிவாகக் கேட்கிறார். என்ன சொல்கிறார் தெரியுமா? நான் ஏதோ பெரிய ஆசீர்வாதம் என்று நினைத்து மூன்று நாள் போராடினேன். பெண்ணிடம், "முல்லப்பூவு வீழுந்நு, பிடிச்சோ" என்கிறார். அவ்வளவுதான். பூ சரிகிறது, பிடித்துக்கொள்.

பெண்ணின் அப்பாவுக்கு அந்தத் துண்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் போன் செய்து, அதை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்க முடியுமா என்றார்.

களியல்மக்கா

வச்சுக் கொடுங்க மக்கா.

அண்ணாச்சி_மிக்சிங்

2 டெசிபல் ஏற்று, அதற்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பார், டிவியில் போட்டால் அதுவே போதும். யூடியூபிலும் ஏற்றப் போகிறார்களா? அது ஏறத்தாழ -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்கு மேல் சத்தமாக இருப்பதை இறக்கிவிடும், குறைவாக இருப்பதை ஏற்றாது. மேளத்தை முட்டித் தள்ளி வைத்தால் மொத்தமும் இறங்கும், பாட்டியும் சேர்ந்து இறங்குவார்.

சாரக்காத்து

சரி அண்ணாச்சி. கடைசியாக ஒன்று. சிங்காரி மேளம் வரும் ட்ராக்கில் மட்டும் பழைய ட்ராக் ஆட்டோமேஷன் நன்றாகவே இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன், இனி அதற்கு முன்னால் வெட்டு கிடையாது. யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று அந்த ட்ராக்கை ஆஃபில் வைத்து எக்ஸ்போர்ட் போட்டுவிடவா?

அண்ணாச்சி_மிக்சிங்

ஐயையோ, வேண்டாம். ஆஃபில் வைத்தால் எழுதினது எதையும் கணக்கில் எடுக்காது, சிங்காரி மேளம் முழுச் சத்தத்தில் வந்து விழும். ரீடில் வை. ரீடில் வைத்து முதல் 5 நிமிடம் கேட்டுவிட்டு அப்புறம் எக்ஸ்போர்ட்.

சாரக்காத்து

ரீட். போட்டாச்சு, 3 மணி நேரம் காட்டுகிறது. கரண்ட் இருக்கிறது இப்போதைக்கு.